காசிமேட்டிலிருந்து எண்ணூருக்கு 718 கிலோமீட்டர் என்று ஃபங்ஷன் சொல்வது ஏன்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். படகில் வைக்கும் ஒரு ஜிபிஎஸ் கருவிதான் உங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட், அதற்காகப் பைத்தான் என்ற நிரல் மொழியில் ஒரு ஃபங்ஷன் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு இடங்களின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கொடுத்தால், நடுவே எவ்வளவு தூரம் என்று அது சொல்ல வேண்டும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு 13.12, 80.30 என்றும் எண்ணூர் முகத்துவாரத்துக்கு 13.23, 80.33 என்றும் கொடுத்தீர்கள். விடை 718 கிலோமீட்டர் என்று வந்தது. சூத்திரத்தைப் புத்தகத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டீர்கள், ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. பிழை எங்கே, கூடப் படிக்கும் நண்பர் சொல்கிற சின்ன சூத்திரத்துக்கு மாறிவிடலாமா, இல்லை பேசாமல் ஒரு லைப்ரரியை (மற்றவர்கள் எழுதி வைத்த ஆயத்த நிரலை) போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. நாளைக்கு இதே ஃபங்ஷன் 11.9 என்றோ 13.4 என்றோ சொன்னால், அதை நம்பலாமா கூடாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தண்டையார்பேட்டையில் வளர்ந்தவருக்கு 718 என்றதுமே சந்தேகம் வந்துவிடும். கன்னியாகுமரிக்கு நேர்கோடு போட்டாலே அவ்வளவு வராது. 13.4 வந்திருந்தால் நீங்கள் அப்படியே அடுத்த வேலைக்குப் போயிருப்பீர்கள். அதனால் பிழையைச் சொல்லிவிட்டு, அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

நான் பல ஆண்டுகள் லாரி, வேன்களில் பொருத்தும் ஜிபிஎஸ் கருவிகளுக்கு மென்பொருள் எழுதியவன். இப்போது வார இறுதிகளில் வியாசர்பாடியில் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லித் தருகிறேன். நீங்கள் கேட்டிருக்கும் ஃபங்ஷனை வெவ்வேறு மொழிகளில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன், மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியும் இருக்கிறேன். ஆனால் என் பழக்கமெல்லாம் தரையில் ஓடும் வண்டிகளோடுதான். கடலில் விசைப்படகு ஓட்டுகிறவருக்கு எது தேவை என்பதை என்னைவிடக் காசிமேட்டில் நிற்கும் ஓர் ஓட்டுநர் நன்றாகச் சொல்வார். கணக்கைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். படகைப் பற்றிச் சொல்வதை அவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பிழை இதுதான்: டிகிரியை ரேடியனாக (கோணத்தை அளக்கும் இன்னோர் அலகு) மாற்றாமல் விட்டுவிட்டீர்கள். பைத்தானின் மேத் மாட்யூலில் உள்ள சைன், காஸ் எல்லாம் ரேடியனைத்தான் எதிர்பார்க்கின்றன. பள்ளியில் கையில் வைத்திருந்த கால்குலேட்டர் டிகிரி மோடில் இருந்தது, சைன் 30 என்று தட்டினால் 0.5 வந்தது. பைத்தானில் அதே 30-ஐக் கொடுத்தால் அது 30 ரேடியன் என்று எடுத்துக்கொண்டு −0.988 என்று ஒரு விடை கொடுக்கும். குறை எதுவும் சொல்லாது, எரர் எதுவும் வராது. இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. உங்கள் இரண்டு இடங்களையும் ரேடியனுக்கு மாற்றாமல் நானும் போட்டுப் பார்த்தேன், சரியாக 718.1 வருகிறது. மாற்றிப் போட்டால் 12.66 வருகிறது. 718-ஐ 12.66-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 57 வரும். ஒரு ரேடியன் என்பது 57.3 டிகிரி. சின்னத் தூரங்களில் விடை ஏறக்குறைய 57 மடங்கு பெரிதாக வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த மாற்றத்தைத்தான். சரியாக 57.3 வராமல் கொஞ்சம் குறைந்ததற்குக் காரணம், சூத்திரத்துக்குள் அட்சரேகையின் கோசைனும் இருக்கிறது, அதுவும் சேர்ந்து தப்பாகிவிட்டது. 13.12 டிகிரியின் கோசைன் 0.974. 13.12 ரேடியனின் கோசைன் 0.851. தூரங்கள் பெரிதாக இருந்தால் இந்த 57 என்கிற அடையாளமும் குலைந்துபோகும், அப்போது வெறும் குப்பை எண்தான் வரும்.

சரியான ஃபங்ஷனைத் தமிழிலேயே வரிவரியாகச் சொல்கிறேன், நீங்கள் பைத்தானில் எழுதிக்கொள்ளுங்கள். நான்கு எண்கள் உள்ளே வரும்: முதல் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, இரண்டாம் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை. நான்கும் டிகிரியில் வரட்டும், ஏனென்றால் மேப்பும் ஜிபிஎஸ்ஸும் டிகிரியில்தான் பேசுகின்றன. ஃபங்ஷனுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக நான்கையும் ரேடியன்ஸ் என்ற ஃபங்ஷனில் போட்டு மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு டிகிரி என்பதே அந்த ஃபங்ஷனுக்குள் இருக்கக் கூடாது. பாதி டிகிரி பாதி ரேடியன் என்று எழுதியவர்களின் நிரல்களைத் திருத்துவதுதான் மிகக் கஷ்டம். அடுத்து அட்சரேகைகளின் வித்தியாசத்தைப் பாதியாக்கி சைன் எடுத்து வர்க்கமாக்குங்கள். தீர்க்கரேகைகளின் வித்தியாசத்தையும் பாதியாக்கி சைன் எடுத்து வர்க்கமாக்கி, அதை இரண்டு அட்சரேகைகளின் கோசைன்களாலும் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் வருவதைக் 'க' என்று வைத்துக்கொள்வோம். க-வின் வர்க்கமூலத்துக்கு ஏசைன் (சைன் மதிப்பிலிருந்து கோணத்தைத் திரும்பத் தருவது) எடுத்து, 2-ஆல் பெருக்கி, பூமியின் சராசரி ஆரமான 6371-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம். இதைத்தான் ஹேவர்சைன் சூத்திரம் என்கிறார்கள். மாலுமிகள் அட்டவணைகளை வைத்துக் கையால் கணக்குப் போட்ட காலத்துச் சரக்கு இது. கணினிக்கும் இதுவே நல்லது என்று 1984-ல் சின்னாட் என்பவர் ஒரு வானியல் இதழில் எழுதிய பிறகு நிரல் எழுதுகிறவர்களிடம் பரவலாகப் பழக்கமானது.

ஒரு சின்ன விஷயம், சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறேன். ஃபங்ஷனின் கடைசி வரியில் நீங்கள் ப்ரிண்ட் போட்டிருக்கிறீர்கள். அது ரிட்டர்னாக இருக்க வேண்டும். திரையில் எண் தெரியும், ஆனால் அந்த எண்ணை வேறு இடத்தில் ஒப்பிடப் போனால் கையில் ஒன்றும் இருக்காது. 'கரையிலிருந்து இவ்வளவு தூரத்துக்கு மேல் போனால் மணி அடி' என்று உங்கள் கருவி செய்ய வேண்டிய வேலைக்கு ரிட்டர்ன் இல்லாமல் முடியாது.

இனி அந்தக் கடைசிக் கேள்வி. ஒரு ஃபங்ஷன் சரியா என்று பார்க்க, விடை நமக்கு முன்னாலேயே தெரிந்த கேள்விகளை அதனிடம் கேட்க வேண்டும். நிரல் எழுதத் தொடங்குவதற்கு முன்பே அந்த விடைகளைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. எழுதி முடித்த பிறகு என்றால், வந்த விடைக்கு நியாயம் தேடத்தான் மனசு போகும். இந்த ஃபங்ஷனுக்கு அப்படிப்பட்ட கேள்விகள் நிறையவே இருக்கின்றன. காசிமேட்டிலிருந்து காசிமேட்டுக்கு எவ்வளவு? பூஜ்யம் வர வேண்டும். காசிமேட்டிலிருந்து எண்ணூருக்கும் எண்ணூரிலிருந்து காசிமேட்டுக்கும் ஒரே எண் வர வேண்டும். இந்த இரண்டிலும் உங்கள் தப்பான ஃபங்ஷனே தேறிவிடும், அதனால் இதோடு நிறுத்தக் கூடாது. ஒரே தீர்க்கரேகையில் அட்சரேகையை மட்டும் 1 டிகிரி கூட்டினால் 111.19 கிலோமீட்டர் வர வேண்டும். 6371-ஐப் பை (π, ஏறக்குறைய 3.1416) என்ற எண்ணால் பெருக்கி 180-ஆல் வகுத்தால் வருவது அது, கையாலேயே போடலாம். நிலநடுக்கோட்டில் 0, 0-விலிருந்து 0, 90-க்குப் போனால் பூமியின் சுற்றளவில் கால் பங்கு, 10,007.5 கிலோமீட்டர். 0, 0-விலிருந்து 0, 180-க்குப் போனால் பாதிச் சுற்று, 20,015. தீர்க்கரேகை 179.5-க்கும் −179.5-க்கும் நடுவே நிலநடுக்கோட்டில் 111 கிலோமீட்டர்தான், 359 டிகிரி சுற்றிப் போகக் கூடாது. இவை எதற்கும் இன்டர்நெட்டில் விடை தேட வேண்டிய அவசியமில்லை. பூமி உருண்டை, அதன் ஆரம் 6371 என்ற இரண்டு செய்தி தெரிந்தால் போதும்.

இதோடு ஊர்க்காரருக்கு மட்டுமே தெரிந்த சோதனை ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். காசிமேட்டிலிருந்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம் தாண்டி எண்ணூர் போக வண்டியில் எத்தனை கிலோமீட்டர் என்று உங்களுக்கே தெரியும். ஃபங்ஷன் சொல்வது நேர்கோட்டுத் தூரம், ஆகவே வண்டி மீட்டர் காட்டுவதைவிட அது எப்போதும் குறைவாகத்தான் இருக்க வேண்டும், அதே சமயம் ரொம்பக் குறைந்துவிடவும் கூடாது. நம்ம எண்ணூர் விரைவுச் சாலை பெரும்பாலும் கடற்கரையை ஒட்டியே வடக்கே போவதால் இரண்டும் ஓரளவு நெருங்கி வரும். அந்தப் பாலத்தைச் சுற்றி இந்த ரயில்வே கேட்டைத் தாண்டிப் போக வேண்டிய கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் இதே சோதனையை வைத்தால் வித்தியாசம் அதிகமாகும். அங்கே ஃபங்ஷன்மேல் பழி போடக் கூடாது.

இந்தச் சோதனைகள் ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். உங்கள் எண்களை வரிசை மாற்றி, தீர்க்கரேகையை முதலிலும் அட்சரேகையை இரண்டாவதாகவும் கொடுத்துப் பார்த்தேன். 3.9 கிலோமீட்டர் என்று வந்தது. 718-ஐவிட இதுதான் ஆபத்தானது. பார்க்க நியாயமான எண்ணாக இருக்கிறது, ஊர் தெரியாதவர் அப்படியே ஏற்றுக்கொள்வார். உண்மையில் அது அட்சரேகை 80-ல், வடதுருவத்துக்குப் பக்கத்தில், இரண்டு பனிக்கட்டிப் புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம். இந்த வரிசை மாற்றம் கவனக்குறைவால் மட்டும் வருவதில்லை. கூகுள் மேப்பில் ஓர் இடத்தைத் தொட்டால் அட்சரேகை முதலில் வருகிறது. ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவத்தில் தீர்க்கரேகை முதலில் வருகிறது. இரண்டையும் ஒரே ப்ராஜெக்டில் பயன்படுத்துகிறவர் என்றாவது ஒரு நாள் மாட்டுவார். தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓடும் கருவி என்றால் ஃபங்ஷனைக் கூப்பிடும் இடத்தில் ஒரு காவல் போடலாம்: அட்சரேகை 8-க்கும் 14-க்கும் நடுவே, தீர்க்கரேகை 76-க்கும் 82-க்கும் நடுவே இல்லாவிட்டால் எரர் எழுப்பு. ஃபங்ஷனுக்குள்ளேயே இந்தக் காவலை வைக்காதீர்கள், மேலே சொன்ன நிலநடுக்கோட்டுச் சோதனைகள் ஓடாமல் போய்விடும்.

அடுத்தது எனக்குச் சந்தேகமாகவே இருக்கும் இடம், ஏனென்றால் உங்கள் கருவியிலிருந்து வரும் தரவை நீங்கள் காட்டவில்லை. இப்போது எண்களைக் கையால் தட்டுகிறீர்கள். நாளைக்கு ஜிபிஎஸ் மாட்யூலிலிருந்து நேரே எடுப்பீர்கள். அந்த மாட்யூல்கள் பெரும்பாலும் எழுத்து வரிகளாகத்தான் அனுப்பும். அதில் 13.12 டிகிரி என்பது 1307.200 என்று வரும். முதல் இரண்டு இலக்கம் டிகிரி, மிச்சம் நிமிடம்: 13 டிகிரி, 7.2 நிமிடம். 7.2-ஐ 60-ஆல் வகுத்தால் 0.12, ஆக 13.12. பலர் இதை நூறால் வகுத்து 13.072 என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் காசிமேடு தெற்கே 5 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். எண்ணூரும் அதேபோல வேறோர் அளவு நகரும். விடை கொஞ்சம் தப்பாக, ஆனால் நம்பும்படி இருக்கும். படகுகளில் உள்ள ஜிபிஎஸ் திரையிலும் டிகிரி, நிமிடம் என்று காட்டும்படி வைத்திருப்பது வழக்கம். ஓட்டுநரிடம் ஓர் இடத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தால், புள்ளிக்குப் பின்னால் இருப்பது நிமிடமா டிகிரியின் பின்னமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் நண்பரின் சூத்திரம். இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கி, கோசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்கி, கூட்டி, ஏகாஸ் (கோசைன் மதிப்பிலிருந்து கோணத்தைத் திரும்பத் தருவது) எடுப்பது. கணிதப்படி அது முழுக்கச் சரி. ஹேவர்சைனும் அதுவும் ஒன்றே, காகிதத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கொண்டுவரலாம். ஆனால் கணினி எண்களைக் குறிப்பிட்ட இலக்கங்களோடு வெட்டி வைத்துக்கொள்கிறது, அங்கேதான் இரண்டும் பிரிகின்றன. ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பரின் சூத்திரத்தில் ஏகாஸுக்குள் போகும் எண் 0.9999999999999877. பைத்தானின் தசம எண்கள் 16 இலக்கம் அளவுக்குத்தான் துல்லியமானவை. அதில் முதல் 13 இலக்கமும் வெறும் ஒன்பதாகவே கழிந்துவிட்டது, தூரத்தைப் பற்றிய செய்தி கடைசி மூன்றில் ஒடுங்கிக் கிடக்கிறது. 10 சென்டிமீட்டருக்குப் போனால் அந்தச் சூத்திரத்தால் பூஜ்யம் என்றோ 9.5 சென்டிமீட்டர் என்றோதான் சொல்ல முடியும், நடுவே எதுவும் கிடையாது. ஒரே இடத்தை இரண்டு முறை கொடுத்தால் சில சமயம் கூட்டல் 1-ஐ ஒரு மயிரிழை தாண்டிவிடும், ஏகாஸ் வேல்யூ எரர் என்று நின்றுவிடும். ஹேவர்சைனில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே க என்பது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எண், காசிமேடு எண்ணூருக்கு 0.000000986 மாதிரி. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கணினி எண்களுக்கு இடம் தாராளம், முன்னால் எத்தனை பூஜ்யம் இருந்தாலும் பின்னால் வரும் 16 இலக்கமும் அப்படியே நிற்கும்.

லேப்டாப்பில் இது சென்டிமீட்டர் விவகாரம், உங்கள் ப்ராஜெக்டைத் தொடாது என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் கடைசியில் இதை ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் போர்டில் ஏற்றப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் விரிவாகச் சொல்கிறேன். ஆர்டுயினோ ஊனோ போர்டில் டபுள் (அதிகத் துல்லியமான தசம எண்) என்று எழுதினாலும் அது 4 பைட் எண்தான், 7 இலக்கத் துல்லியம்தான். அங்கே நண்பரின் சூத்திரம் சொல்லக்கூடிய மிகச் சின்னத் தூரம் ஏறக்குறைய 2.2 கிலோமீட்டர். அதற்கு அடுத்து 3.1. ராயபுரத்துக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு அது பூஜ்யம் என்று சொல்லும், இல்லாவிட்டால் 2.2 என்று சொல்லும். நிரல், லேப்டாப்பில் எல்லாச் சோதனையிலும் தேறிய அதே நிரல். ஹேவர்சைன் அங்கேயும் தாக்குப்பிடிக்கும், ஆனால் உள்ளே வரும் தீர்க்கரேகையே சிக்கல். 4 பைட் எண்ணில் 80.30-க்குப் பக்கத்தில் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே உள்ள இடைவெளி, சென்னையில் தரையில் 83 சென்டிமீட்டர் ஆகிறது. 13.12-க்குப் பக்கத்தில் அதே இடைவெளி 10 சென்டிமீட்டர்தான். ஆக, கிழக்கு மேற்காக உங்கள் படகு ஏறக்குறைய ஒரு மீட்டர் படிகளில் குதித்துக் குதித்துப் போவது போலத் தெரியும். இதற்கு வழி, டிகிரியை ஒரு கோடியால் பெருக்கி முழு எண்ணாக வைத்துக்கொள்வது. 80.30 என்பது 803000000 ஆகும், 4 பைட் முழு எண்ணில் வசதியாக உட்காரும், ஒரு படி 1 சென்டிமீட்டர்தான் வரும். கழித்தலை முழு எண்ணிலேயே செய்துவிட்டு, வித்தியாசத்தை மட்டும் ரேடியனாக்குங்கள். அல்லது ஈஎஸ்பி32 போர்டுக்கு மாறிவிடுங்கள், அங்கே டபுள் உண்மையிலேயே 8 பைட்.

லைப்ரரி பற்றி. ஹேவர்சைன் பூமியைச் சரியான உருண்டையாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் நிலநடுக்கோட்டில் ஆரம் 6378.137 கிலோமீட்டர், துருவத்தில் 6356.752, வித்தியாசம் 21 கிலோமீட்டருக்கு மேல். இதனால் ஹேவர்சைன் விடையில் அரை சதவீதம் அளவுக்குப் பிசகு வரலாம். நம் ஊர் இருக்கும் அட்சரேகையில் இதன் போக்கு தெரிந்ததே: வடக்கு தெற்காக 1 டிகிரி உண்மையில் 110.63 கிலோமீட்டர், உருண்டைக் கணக்கு 111.19 என்று கூட்டிச் சொல்கிறது. காசிமேடு எண்ணூர் பெரும்பாலும் வடக்கு தெற்கு என்பதால், உங்களுக்கு வரும் 12.66-ல் சுமார் 60 மீட்டர் அதிகம், சரியான எண் 12.60. சூத்திரத்தின் பிழை இல்லை இது, உலகத்தை நாம் எடுத்துக்கொண்ட விதத்தின் பிழை. எத்தனை இலக்கம் துல்லியமாகக் கணக்குப் போட்டாலும் இது குறையாது. இந்த ஒரு டிகிரி எவ்வளவு என்று தரையில் அளந்து பார்த்த வேலைக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1802-ல் லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோடு (அளவைக்கு ஆதாரமான முதல் நேர்கோடு) அளந்துதான் இந்தியாவின் பெரிய முக்கோணவியல் நில அளவையைத் தொடங்கினார். நீங்கள் இப்போது கணக்கிடும் தூரத்துக்கு ஏறக்குறைய சமமான நீளம் அது, சங்கிலியை வைத்து அளந்தார்கள்.

60 மீட்டர் உங்களுக்கு முக்கியமா என்பதைப் பொறுத்தது பதில். துறைமுகத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று படகில் காட்ட மட்டும் என்றால் ஹேவர்சைன் தாராளம். நில அளவை, எல்லை, சட்டப்படி யாரையாவது பாதிக்கும் கோடு என்றால் ஹேவர்சைனைத் தொடவே வேண்டாம். துருவத்தில் தட்டையான பூமிக்கு வின்சென்டி என்பவர் 1975-ல் கொடுத்த முறை இருக்கிறது, பூமியின் ஏறக்குறைய நேர் எதிர்ப்புறப் புள்ளிகளுக்கு மட்டும் அது விடை காணாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 2013-ல் கார்னி என்பவர் அதையும் தீர்த்துவிட்டார். பைத்தானில் ஜியோபை என்ற லைப்ரரியில் ஜியோடெஸிக் என்று கூப்பிட்டால் கார்னியின் முறைதான் உள்ளே ஓடுகிறது. என் யோசனை: ஃபங்ஷனை நீங்களே எழுதுங்கள், லைப்ரரியை வைத்துச் சரிபாருங்கள். கண்டபடி இருநூறு முந்நூறு ஜோடிப் புள்ளிகளைக் கொடுத்து இரண்டையும் ஒப்பிட்டால், வித்தியாசம் எங்கேயும் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உங்கள் நிரலில் பிழை. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கேட்பவரும் லைப்ரரியைக் கூப்பிட்டதற்கு மதிப்பெண் போட மாட்டார், ஏன் 60 மீட்டர் வருகிறது என்று சொல்லத் தெரிந்தால் போடுவார்.

பித்தாகரஸ் போதுமே என்று ஒருவர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். சின்னத் தூரத்துக்குப் போதும்தான், தீர்க்கரேகை வித்தியாசத்தை அட்சரேகையின் கோசைனால் பெருக்கினால். பெருக்காமல் விட்டால் சென்னையில் கிழக்கு மேற்குத் தூரம் 2.7 சதவீதம் கூடிவிடும்.

கடைசியாக, ஃபங்ஷன் சரியாக இருந்தும் கருவி தப்பாகச் சொல்லும் ஓர் இடம். படகு மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்ட, ஒவ்வொரு நொடியும் வரும் புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகத் திட்டமிட்டிருக்கிறீர்கள். ஜிபிஎஸ் ஒரே இடத்தில் சும்மா இருந்தாலும் அது சொல்லும் புள்ளி அங்கும் இங்கும் ஆடிக்கொண்டே இருக்கும். நொடிக்கு அரை மீட்டர் ஆடினால்கூட ஒரு மணி நேரத்தில் 1.8 கிலோமீட்டர் சேர்ந்துவிடும். இரவெல்லாம் ஷெட்டில் நின்ற வேன் காலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியதாகக் கணக்குக் காட்டி, ஓட்டுநர் முதலாளியிடம் திட்டு வாங்கியதை வேலையில் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் வண்டியைத் தொடவே இல்லை. அதனால் இதைச் சின்னக் குறை என்று விட்டுவிட வேண்டாம், டீசல் கணக்கில் யாரோ ஒருவர்மேல் சந்தேகம் விழும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் கூட்டாதே என்று வைக்கலாம், அல்லது கடைசியாகக் கூட்டிய புள்ளியிலிருந்து 20, 30 மீட்டர் நகர்ந்த பிறகுதான் அடுத்ததைக் கூட்டு என்று வைக்கலாம். எந்த அளவு சரி என்பதைச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அலையில் ஆடும் படகுக்கு என் வேன் அளவுகள் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டியே கிடக்கும். தெரிந்த படகுக்காரர் ஒருவரிடம் கேட்டுக் கருவியை ஒரு ராத்திரி வைத்துவிட்டு வாருங்கள். காலையில் அது என்ன எண் காட்டுகிறதோ, அவ்வளவும் பொய்த் தூரம்.

அப்புறம், கடலில் யாரும் கிலோமீட்டரில் பேசுவதில்லை, மைல் என்றால் அங்கே நாட்டிக்கல் மைல், 1852 மீட்டர். உங்கள் ஃபங்ஷன் கிலோமீட்டரிலேயே விடை கொடுக்கட்டும், அதன் பெயரிலேயே கிலோமீட்டர் என்று சேர்த்துவிடுங்கள். திரையில் காட்டும்போது மட்டும் 1.852-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். காசிமேடு எண்ணூர் அப்போது 6.83 என்று வரும். ரேடியன் வரியைச் சேர்த்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், 12.66 வர வேண்டும். வராவிட்டால் ஃபங்ஷனை முழுசாகவும், மாட்யூல் அனுப்பும் வரிகளில் நான்கைந்தை அப்படியே வெட்டாமலும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.